மல்கா அக்கா எடுத்த அளவு

1

வெள்ளி விழா என்றால் ஊரில் பள்ளிக்கூடத்துக்கும் சனசமூக நிலையத்துக்கும்தான் எடுப்பார்கள். கலியாணத்துக்கும் எடுக்கலாம் என்பது மொன்றியலுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எங்களுடைய கலியாணம் இந்த ஆவணியில் இருபத்தைந்தைத் தொடுகிறது என்பது எனக்கும் நினைவில்லை, இவருக்கும் நினைவில்லை. ஸ்காபரோவிலிருந்து பவானி மச்சாள்தான் தொலைபேசி எடுத்துச் சொன்னார். மச்சாள் இவருடைய தமக்கை. எங்கள் குடும்பத்தில் நல்ல நாள் எது, கெட்ட நாள் எது, யார் மெலிந்தார், யார் பெருத்தார் என்று பார்ப்பதெல்லாம் அவருடைய பொறுப்பு.

"தம்பியை மண்டபம் எடுக்கச் சொல்லு. நாங்கள் வான் ஒண்டு பிடிச்சு வாறம். கூறையைக் கட்டு, மாலையும் மாத்த வேணும்," என்றார். பிறகு அதே மூச்சில், "இந்த முறையாவது கையைத் தூக்கு. போன முறை அவன் குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு, நாரி எல்லாம் பிடிச்சுப் போனான்," என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் கலியாணம் கொழும்பில் நடந்தது. மாப்பிள்ளை கனடாவிலிருந்து வந்தவர், நல்ல உயரம். மாலை மாற்றும் நேரம் வந்தபோது என் கை இரண்டும் நெஞ்சுக்கு மேலே எழும்ப மறுத்துவிட்டன. கூறைக்குத் தைத்த சட்டை தோளில் அவ்வளவு இறுக்கம். இன்னும் ஓர் அங்குலம் தூக்கினால் கமக்கட்டில் கிழியும் என்று எனக்குத் தெரியும். ஐயர் பார்த்தார், வீடியோக்காரர் பார்த்தார், சபை பார்த்தது. கடைசியில் இவர் இடுப்பை மடித்துக் குனிந்து, தலையை என் நாடிக்குக் கீழே கொண்டுவந்து மாலையை வாங்கிக்கொண்டார். மாலை மாற்றுவது மூன்று தரம் என்பதால் மூன்று தரமும் குனிந்தார்.

அந்த வீடியோவை மச்சாள் போகிற இடமெல்லாம் போட்டுக் காட்டினார். பிறப்போ, பூப்போ, வீடு குடிபுகுதலோ, எங்கே சனம் கூடினாலும் கதை அங்கேதான் வந்து நிற்கும். "பெட்டை அப்பவே சட்டைக்குள்ளை அடங்கேல்லை," என்று முடிப்பார். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் ரோசக்காரி என்பார்கள். ஆனால் வீட்டுக்கு வந்து சேலையை அவிழ்க்கும்போது எனக்கு அழுகை வரும். அதனால் இந்த ஆவணியில் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சபை பார்க்க, மச்சாளும் பார்க்க, இரண்டு கையையும் தூக்கி இவருடைய கழுத்தில் மாலை போட வேண்டும்.

2

அளவுச் சட்டை என்றால் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. இங்கே பிறந்த என் மகள் ஆரணிக்கு விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"தையல்காரர் உங்களை அளக்க மாட்டாரா?"

"அளக்கத் தேவையில்லை. அளவாயிருக்கிற பழைய சட்டை ஒண்டைக் குடுத்தால் அதைப் பாத்துத் தைப்பினம்."

"அப்ப அந்தச் சட்டையை ஆர் அளந்தது?"

"அதுக்கு முந்தின சட்டை."

"மே வொயோன், அம்மா," என்றாள். அவளுக்குப் பொறுமை தீர்ந்தால் பிரெஞ்சு வரும். அதற்குப் பிறகு அவளோடு கதைத்துப் பயனில்லை.

என்னுடைய அளவுச் சட்டை கறுப்பு. எல்லாச் சேலைக்கும் பொருந்தும் என்று எல்லாப் பெண்களும் ஒரு கறுப்புச் சட்டை வைத்திருப்பார்கள்; அதுவே கடைசியில் அளவுச் சட்டையாகிவிடும். கலியாணத்துக்குப் பிறகு அதை நான் ஒருநாளும் போட்டதில்லை. அளவுச் சட்டையை யாரும் போடுவதில்லை, அது பயணம்தான் போகும். யார் சென்னைக்குப் போனாலும், யார் கொழும்புக்குப் போனாலும், அவர்களுடைய பெட்டியில் ஒரு மூலையில் என்னுடைய கறுப்புச் சட்டையும் போகும். நான் காணாத ஊரெல்லாம் அது கண்டுவிட்டது.

அதை வைத்துத் தைத்து வந்த எல்லாச் சட்டையும் தோளில் இறுக்கம், முன்பக்கம் தொளதொளப்பு. வந்தவுடன் உள் தையலைப் பிரித்து விடுவேன், முன்னுக்குச் சேஃப்டிப் பின் குத்துவேன். கனடாச் சாப்பாடு என்று என்னையே திட்டுவேன். ஒரு வருடம் முழுக்க இரவில் சோறு தின்னவில்லை. ஒரு வருடம் வேலைக்கு நடந்தே போனேன். தோள் மட்டும் குறையவில்லை. "ஸ்னோ அள்ளி அள்ளித் தோள் வச்சிட்டுது," என்பது இவருடைய ஆராய்ச்சி. அந்தக் கவலை இருக்கிறவர் ஸ்னோவைத் தானே அள்ளியிருக்கலாம்.

வெள்ளி விழாவுக்கென்று சென்னையில் தைத்த சிவப்புப் பட்டுச் சட்டை ஆடி மாதக் கடைசியில் வந்து சேர்ந்தது. கண்ணாடிக்கு முன்னால் போட்டுக்கொண்டு, கற்பனையில் இவருக்கு மாலை போட்டுப் பார்த்தேன். கமக்கட்டு இரண்டும் ஒரே நேரத்தில் கிழிந்தன.

லவாலில் சேலைச் சட்டை தைக்கிற ஒரு தங்கச்சி இருக்கிறாள். "அக்கா, ஆவணி முழுக்கக் கலியாணம். கார்த்திகையிலை தாறன்," என்றாள். கார்த்திகையில் எனக்கு எதற்கு?

3

இந்த நாட்டில் அளவு என்பது ஒரு நிலையில் நிற்கிற பொருள் அல்ல. வெளியே குளிர் செல்சியசில், அடுப்பு ஃபாரன்ஹீட்டில். பால் லீற்றரில், இறைச்சி விளம்பரத்தில் இறாத்தலில், தராசில் கிலோவில். தூரத்தைக் கேட்டால் மணித்தியாலத்தில் சொல்வார்கள். துணிக்கடையில் மீற்றர் என்று எழுதியிருக்கும். வெட்டுகிற பெண்ணோ மூன்றடி யார்க் கோலை எடுப்பாள். நான் வந்த புதிதில் சாரதிப் பத்திரத்துக்கு உயரம் கேட்டார்கள். ஐந்தடி மூன்று அங்குலத்தை மனக்கணக்கில் மாற்றி ஒரு மீற்றர் ஐம்பத்து மூன்று என்று சொன்னேன். ஆரணி வளர்ந்து கணக்குப் படித்த பிறகுதான், ஏழு சென்ரிமீற்றர் குறைத்துச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. திருத்தப் போனால் வைத்தியரின் கடிதம் கேட்டார்கள். என் உயரத்தை நிரூபிக்க என்னைக் கொண்டுபோனது போதாதாம். விட்டுவிட்டேன். அரசாங்கத்துக்கு நான் இன்றைக்கும் கட்டை.

நான் கோட்-டெ-நெய்ஜ் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அங்கே யூத முதியவர்கள் பலர் இத்திஷ் பேசுவார்கள். சாப்பாடு ஊட்டும்போது "எஸ், எஸ்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். சாப்பிடு என்று அர்த்தம். வேலைக்குப் போடும் காற்சட்டை எல்லாம் எனக்கு நீளம். அதை மடித்துத் தைத்துத் தருவது மல்கா, அவரும் யூதப் பெண்தான். இல்லத்திலிருந்து இரண்டு பஸ் தரிப்பு தள்ளி, ஊட்ரமொன் பக்கத்தில், வீட்டின் கீழறையில் கடை வைத்திருக்கிறார். தலையில் எப்போதும் துணி கட்டியிருப்பார், கை மணிக்கட்டு வரை மூடியிருக்கும். வெள்ளி மத்தியானத்தோடு பூட்டினால் ஞாயிறுதான் திறப்பார். அறுபது வயது இருக்கும். மனத்துக்குள் நான் அவரை மல்கா அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அவருக்கும் எனக்கும் பொதுவாக இருப்பது அரைகுறை ஆங்கிலமும் கால்குறைப் பிரெஞ்சும். அதை அப்படியே எழுதினால் ஒருவருக்கும் விளங்காது. ஆகவே இந்தக் குறிப்பில் அவருக்கு நல்ல யாழ்ப்பாணத் தமிழ் கொடுத்திருக்கிறேன். அவர் இதை வாசிக்கப் போவதில்லை, கோபிக்கவும் போவதில்லை.

கிழிந்த சட்டை, புதிதாக வாங்கிய சிவப்புத் துணி, கறுப்பு அளவுச் சட்டை மூன்றையும் மேசையில் வைத்தேன். இவர் காருக்குள்ளேயே இருந்துவிட்டார்.

"இதைப் பாத்து இப்பிடியே ஒண்டு தைச்சுத் தாங்கோ. தோள் மட்டும் கொஞ்சம் விட்டுத் தைக்க வேணும்."

மல்கா அக்கா கறுப்புச் சட்டையை இரண்டு விரலால் தூக்கினார். முன்னும் பின்னும் பார்த்தார். "மிச்சம் எங்கை?" என்றார்.

"மிச்சம் இல்லை. அவ்வளவுதான்."

"துணி காணாமல் போச்சோ?"

"இல்லை. இதுக்கு மேலை சேலை வரும். ஆறு யார்."

"ஆறு யார் துணி இருந்தும் வயிறு வெளியிலையோ?" என்றார். எங்கள் பரம்பரையில் ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

பிறகு கறுப்புச் சட்டையை மேசையின் மறுமூலைக்குத் தள்ளிவிட்டு, கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்தார். "நான் சட்டைக்குச் சட்டை தைக்கிறதில்லை. வா, மோஸ் எடுப்பம்."

4

மோஸ் என்றால் இத்திஷில் அளவு. நாடாவை ஆட்டிக் காட்டியே அதைச் சொன்னார். "உடம்புக்கும் மோஸ் இருக்கு, மாவுக்கும் இருக்கு, வாய்க்கும் இருக்க வேணும். மோஸ் தெரியாதவை எதையும் உருப்படியாச் செய்ய மாட்டினம்."

எங்களுக்கும் அப்படித்தான் என்றேன். துணிக்கு அளவு, உப்புக்கு அளவு, அளவோடு பேசு, அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று தெரிந்ததெல்லாம் அவிழ்த்துவிட்டேன். எங்கடை ஆக்கள் கதையையும் அளப்பினம் என்றும் சொன்னேன்.

"கதையையோ? எத்தினை யார் வரும்?" என்று கேட்டார்.

"அது அளக்கிற ஆளைப் பொறுத்தது. என்ர மச்சாள் எண்டால் ஸ்காபரோவிலை இருந்து இஞ்சை மட்டும் வரும்."

சிரிக்கிற மனுசி இல்லை அவர். அன்றைக்குச் சிரித்தார்.

இன்னொரு சொல்லும் இருக்கிறதாம், ஷியர் என்று. அதுவும் அளவுதான், ஆனால் அது அவர்களுடைய வேத மொழியான எபிரேயத்திலிருந்து வந்த சொல். துணிக்கும் மாவுக்கும் மோஸ், சமய விதிகளுக்கு ஷியர். பெருநாளில் புளிக்காத அப்பம் எவ்வளவு தின்றால் கடமை தீரும் என்பதற்கு ஒரு ஷியர் உண்டு: ஒரு ஒலிவ் பழத்தளவு. அந்தக் காலத்து ஒலிவ் எவ்வளவு பெரிது என்று மல்கா அக்காவின் கணவரும் தமையனும் வருடாவருடம் வாதாடி, அப்பம் காய்ந்து போகுமாம். நான் எங்கள் கோயிலை நினைத்துக்கொண்டேன். கடைக்காரனுக்கு அளவு, ஐயருக்குப் பிரமாணம். எல்லாச் சனத்துக்கும் கடைக்கு ஒரு பாஷை, கடவுளுக்கு ஒரு பாஷை வேண்டியிருக்கிறது.

வீட்டில் இதைச் சொன்னபோது ஆரணி உடனே தொலைபேசியில் தேடத் தொடங்கினாள். தேவாரத்தில் ஒரு வரி வாசி என்றால் தலைவலி என்பவள், மோஸின் பூர்வீகத்தை ஒரு மணித்தியாலம் கிண்டினாள். பழைய ஜெர்மன் சொல்லாம். அதே சொல்லால் ஜெர்மன்காரர் பியர் ஊற்றிக் குடிக்கும் பெரிய கிளாசையும் சொல்வார்களாம். இவர் பேப்பரை மடித்துவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஷியர் என்பதும் வாசல் என்பதும் ஒரே எழுத்துகளில் பிறந்தவையாம்; பட்டணத்து வாசலில் சந்தை கூடி அங்கே அளந்ததால் வந்தது என்கிறார்களாம். உண்மையோ, கதை அளந்தார்களோ, எனக்குத் தெரியாது. இன்னும் பின்னால் போனால் மோஸுக்கும் எங்கள் மாத்திரைக்கும் தூரத்துச் சொந்தம் வருமாம். எழுத்துக்கு ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை என்று படித்தோமே, அந்த மாத்திரை. தமிழ்நாட்டுக்காரர் குளிசைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள்.

"அப்ப மல்கா எங்களுக்குச் சொந்தம், அம்மா," என்றாள் ஆரணி. அவள் தமிழில் முழுதாகச் சொல்லி முடித்த வசனம் என்பதால் நான் மறுக்கவில்லை.

5

ஆனால் அன்றைக்குக் கடையில் நடந்த முக்கியமான விஷயத்தை நான் வீட்டில் சொல்லவில்லை.

மல்கா அக்கா என்னை அளந்து முடித்த பிறகு, ஒரு யோசனையில் கறுப்புச் சட்டையை எடுத்து என் முதுகில் வைத்துப் பார்த்தார். வைத்த கை அப்படியே நின்றது.

"இது ஆற்றை?"

"என்ர."

"உன்ர இல்லை."

"இருபத்தஞ்சு வருசத்துக்கு முந்தி தைச்சது. அப்ப நான் மெலிவு."

"வயிறு வளரும், மார் இறங்கும். இது தோள், எலும்பு. எலும்பு கொழுக்காது," என்றார். நாடாவை ஒரு தோள் முனையிலிருந்து மறு தோள் முனைக்குப் பிடித்து, பிறகு சட்டையில் பிடித்துக் காட்டினார். இரண்டு விரல் வித்தியாசம். "முன்னுக்குப் பார். மெலிவெண்டு சொல்லுறாய், இஞ்சை இவ்வளவு துணி. இந்தச் சட்டைக்குத் தோள் சின்னன், மார் பெரிசு. உனக்குத் தோள் பெரிசு. இது வேறை மனுசி."

நான் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடியவள். கோல் போடுவது நான்தான். தோள் அந்தக் காலத்திலேயே இப்படித்தான். அதை யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் நானே மறந்து போயிருந்தேன்.

பஸ்ஸில் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதே யோசனைதான். வேறு மனுசி என்றால் யார்? மூன்றாம் நாள், முதியவர் ஒருவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கையில் விடை வந்தது. கூறைக்குச் சட்டை தைப்பது மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. வெள்ளவத்தைத் தையல்கடைக்கு என்னுடைய அளவுச் சட்டையைக் கொண்டுபோனவர் பவானி மச்சாள். கலியாணத்துக்கு அவரும் அங்கேயே நாலைந்து சட்டை தைத்தார். அவருடைய அளவுச் சட்டையும் அதே பைக்குள்தான் போயிருக்கும். அதுவும் கறுப்பு. கறுப்புச் சட்டைக்கு முகமா இருக்கிறது, பார்த்து ஆளை அறிய? அவருடையது மணப்பெண்ணின் சட்டை என்றும், என்னுடையது அவருடையது என்றும் மேசையில் மாறி விழுந்திருக்கிறது. திரும்பி வந்ததும் அப்படியே.

மச்சாளுக்குத் தோள் ஒடுக்கம். மற்றதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வந்தது கோபம். தின்னாமல் விட்ட சோறு, நடந்து தேய்ந்த சப்பாத்து, கண்ணாடிக்கு முன்னால் நின்று என் உடம்பை நான் திட்டிய திட்டு, எல்லாம் வரிசையாக வந்தன. என் உடம்பு ஒரு பிழையும் செய்யவில்லை. இன்னொருத்தியின் சட்டைக்குள் அடங்கவில்லை என்று அதை இருபத்தைந்து வருடம் தண்டித்திருக்கிறேன். அதை நினைக்க எனக்கு உடம்பின் மேல் இரக்கம் வந்தது. கஞ்சிக் கோப்பையோடு நின்று அழுதேன். முதியவர் என் கையைத் தட்டி, "எஸ், எஸ்," என்றார்.

அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். வெள்ளி விழா மேடையில், ஒலிவாங்கியைக் கையில் வாங்கி, சபைக்கு இந்தக் கதையைச் சொல்வேன். வீடியோவும் எடுக்கச் சொல்வேன். எத்தனை வீட்டில் போட்டுக் காட்டலாம் என்று கணக்கும் பார்த்தேன்.

6

புதுச் சட்டையை வியாழக்கிழமை எடுக்கப் போனேன். போட்டுப் பார்த்தேன். தோள் எலும்பில் தையல் வந்து அமர்ந்தது. இரண்டு கையையும் கூரை வரைக்கும் தூக்கினேன். ஒன்றும் இழுக்கவில்லை, ஒன்றும் கிழியவில்லை. அந்த ஒரு நிமிடம் நான் மிகவும் சந்தோசமாக இருந்தேன்.

பிறகு கண்ணாடியைப் பார்த்தேன். கழுத்து காறை எலும்பை மூடி நின்றது. கை முழங்கையைத் தாண்டி இறங்கியிருந்தது. உடல் இடுப்பு வரை வந்திருந்தது. கூறை கட்டினால் நான் பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்குத் தலைமை தாங்க வந்த அதிபர்.

"அக்கா, இது இவ்வளவு நீளம் வரப்படாது."

"எதுக்கும் ஒரு மோஸ் வேணும்," என்றார். இந்த முறை நாடாவை ஆட்டவில்லை.

"எங்கடை மோஸ் இஞ்சை மட்டும்தான்," என்று விலாவைக் காட்டினேன்.

"அது மோஸ் இல்லை, அரைவாசி."

"என்ர அம்மா போட்டது, அம்மம்மா போட்டது. அவையும் மரியாதையான ஆக்கள்தான்."

"இல்லையெண்டு நான் சொல்லேல்லை. நான் தைக்க மாட்டன் எண்டுதான் சொல்லுறன். என்ர கையாலை வயித்தைத் திறந்து ஒருத்திக்கும் விட்டதில்லை."

அரை மணித்தியாலம் பேரம் பேசினோம். காசுக்கல்ல, அங்குலத்துக்கு. கையை முழங்கைக்கு மேலே ஓர் அங்குலம் ஏற்றச் சம்மதித்தார். கழுத்தில் இரண்டு விரல் இறக்கினார். அதற்குமேல் ஒரு நூல் கூட இல்லை என்றார். நீளத்துக்கு மட்டும் மசியவில்லை. கடைசியில் ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்தார். என்னை நேராக நிற்கச் சொல்லி, என் விலாவுக்குக் கீழே சட்டையைச் சுற்றி ஒரு கோடு கீறினார். அளந்து, நேராக, மடிப்புக்கும் இடம் விட்டு.

"இதிலை நீ வெட்டலாம் எண்டு நான் சொல்லேல்லை," என்றார். "உன்ர வீட்டிலை கத்தரிக்கோல் இருக்கும். தைச்சது என்ர வேலை. வெட்டுறது உன்ர பாடு."

அன்று மாலை நான் வெட்டினேன், ஆரணி மடித்துத் தைத்தாள். அவளுடைய தையல் கொஞ்சம் ஏறியும் இறங்கியும் இருந்தது. சேலைக்குள் மறைந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

7

மண்டபம் சென்ட் லோரன்டில், இரண்டு தொழிற்சாலைகளுக்கு நடுவில். சனி மத்தியானம் வெயில் கொளுத்தியது. ஸ்காபரோ வான் வந்து நின்றது. மச்சாள் இறங்கினார், சேலைக்கு மேலே கார்டிகனோடு. எந்த வெயிலிலும் எந்தக் கொண்டாட்டத்திலும் அவர் அந்தக் கார்டிகனைக் கழற்றியதை நான் கண்டதில்லை. கனடாக்காரி என்று காட்டுகிறார் என்று ஊரில் சிரிப்பார்கள்.

மாலை மாற்றும் நேரம் வந்தது. நான் மாலையைத் தூக்கினேன். இவர் பழக்கத்தில் குனியத் தொடங்கிவிட்டார்.

"நிமிருங்கோ," என்றேன்.

அவர் நிமிர்ந்தார். இருபத்தைந்து வருடத்தில் அவருடைய முகத்தை அந்த உயரத்தில் வைத்து நான் மாலை போடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டு கையையும் நீட்டித் தூக்கி, கழுத்தில் போட்டு, மாலையை நேராக்கியும் விட்டேன். சபை கைதட்டியது. இவருடைய கண் கலங்கியிருந்தது. பூவில் பூச்சி இருந்தது என்று பிறகு சொன்னார்.

அதற்குப் பிறகு ஒலிவாங்கி என் கைக்கு வந்தது. பாடமாக்கி வைத்த பேச்சு நுனிநாக்கில் நின்றது. முன் வரிசையில் மச்சாளைப் பார்த்தேன். வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். கார்டிகன் வலது தோளில் சரிய, கையை விட்டு அதை மேலே இழுத்தார். இழுத்தபோது உள்ளே சட்டையும் தோளை விட்டு இறங்கியிருந்தது தெரிந்தது. அதையும் இழுத்துவிட்டார். ஒரு நிமிடத்தில் மூன்று தரம்.

அவரிடம் போனது என்னுடைய சட்டை. என்னுடைய தோள். இதை நான் யோசிக்கவே இல்லை. கோபத்தில் என் பக்கத்தை மட்டும் அளந்திருக்கிறேன்.

எல்லோருக்கும் நன்றி, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லி ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டேன்.

8

ஞாயிறு காலை மற்றவர்கள் கீழே தேநீர் குடித்துக்கொண்டிருக்க, மச்சாளை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். கறுப்புச் சட்டையைக் கட்டிலில் வைத்தேன்.

"இதை ஒருக்காப் போட்டுப் பாருங்கோ."

"என்ன விசர்க்கதை. உன்ர சட்டை எனக்கென்னண்டு காணும்?"

"போடுங்கோவன்."

முணுமுணுத்துக்கொண்டே கார்டிகனைக் கழற்றினார். கறுப்புச் சட்டையைப் போட்டார். முன்னுக்குக் கொளுக்கி எட்டவில்லை. அவருக்கும் இருபத்தைந்து வருடம் போயிருக்கிறது. ஆனால் தோளில் தையல் சரியாக எலும்பின்மேல் வந்து உட்கார்ந்தது. மச்சாள் கையை ஆட்டினார். தோளைக் குலுக்கினார். சட்டை சரியவில்லை. கண்ணாடிக்குக் கிட்டப் போய் நின்றார்.

நான் பைக் கதையைச் சொன்னேன். வெள்ளவத்தை, தையல்கடை, இரண்டு கறுப்புச் சட்டை. மேடைக்கென்று வைத்திருந்த காரம் ஒன்றும் சேர்க்காமல் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் கட்டிலில் போய் இருந்தார்.

"ரெண்டாவது பிள்ளைக்குப் பிறகு தோள் இறங்கிப் போச்சு எண்டு நினைச்சன்," என்றார். "என்ன தைச்சாலும் வழுகும். நாலு சனத்துக்கு முன்னாலை மானம் போகப்படாது எண்டுதான் இந்தக் கார்டிகன். டொக்டரிட்டையும் கேட்டனான். அவன் தோளைப் பாத்திட்டு ஒண்டுமில்லை எண்டான்."

அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். கீழே வான் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

மச்சாள் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அவருடைய வழக்கமான பார்வைதான், ஆனால் குரலில் ஒரு சந்தேகம்.

"அப்ப நீ பெருக்கவே இல்லையோ?"

"பெருத்தனான் மச்சாள்," என்றேன். "ஆனால் என்ர அளவிலை பெருத்தனான்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரித்தேன். ஆரணி வந்து கதவைத் தட்டி, என்ன நடக்கிறது என்று பிரெஞ்சில் கேட்டாள்.

மச்சாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கறுப்புச் சட்டையைக் கழற்றாமலே கேட்டார்: "அந்தப் பொம்பிளையின்ர கடை ஞாயிற்றுக்கிழமையிலை திறந்திருக்குமோ?"

"ஓம்."

கீழே இவர் ஸ்காபரோ வானில் பெட்டிகளை ஏற்றி முடித்திருந்தார். இறக்கச் சொன்னோம்.